மாற்று இதயம் வைத்தவர் வீட்டில் பெருங்குடலையும் பார்த்துக்கொள்வது எப்படி

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மலப் பரிசோதனைக்கு ஜனங்கள் தீப்பெட்டியில்தான் கொண்டுவருவார்கள். குடியாத்தத்தில் தீப்பெட்டிக்கா பஞ்சம்! மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா கொடுத்தனுப்பினால், அதைக் கழுவி மிளகு சீரகம் போட்டு வைத்துக்கொண்டு, மறுநாள் மறுபடி தீப்பெட்டியையே நீட்டுவார்கள். அப்படி 31 வருடம் ஊரார் மலத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்த லேப் டெக்னீஷியன் நான். என் வீட்டுக்காரர் குடலுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்ததைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

அவருக்கு 2013ல் சென்னையில் இதயம் மாற்றினார்கள். அப்போது வயது 48. லுங்கி மொத்தக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். இதயத் தசை தளர்ந்துபோய், நாலு படி ஏறினால் ஐந்தாவது படியில் உட்கார்ந்துவிடுவார். 2008ல் ஹிதேந்திரன் என்ற பையனின் இதயத்தை அவன் பெற்றோர் தானம் கொடுத்த செய்தியைப் படித்தபோது, அது எங்கள் வீட்டுக்கும் வரப்போகிற விஷயம் என்று நாங்கள் நினைக்கவில்லை. மாற்றிய பிறகு ஒன்பது வருடம் நன்றாக ஓடியது. 2022ல் பெருங்குடலின் வலது பக்கத்தில் புற்றுநோய் என்றார்கள். ஆபரேஷன் ஆயிற்று. இப்போது திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

அப்போதிலிருந்து சென்னை ஆஸ்பத்திரியில் கூட உட்கார்ந்திருந்து பழக்கமான குடும்பங்கள் போன் செய்து கேட்கிறார்கள். "அக்கா, எங்க வீட்லயும் அந்தக் குடல் டெஸ்ட் எடுக்கணுமா? எப்படி எடுக்கிறது?" போனில் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்தைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்கள் மாற்று சிகிச்சைக் குழு சொல்லித்தான் நடக்க வேண்டும்.

எதற்காகப் பார்க்க வேண்டும்

வேறொருவரின் இதயத்தை உடம்பு எதிரி என்று நினைத்துத் தாக்காமல் இருக்க டாக்ரோலிமஸ், மைகோஃபினோலேட், பிரட்னிசோலோன் மாதிரி மருந்துகளை ஆயுள் முழுக்கச் சாப்பிடுகிறார்கள். காவல்காரனைத் தூங்க வைக்கிற மருந்துகள் இவை. காவல்காரன் தூங்கினால் கிருமி மட்டும் உள்ளே வராது. கெட்டுப்போன செல்லை ஆரம்பத்திலேயே பிடித்து அழிக்கிற வேலையும் மந்தமாகிவிடும்.

இதனால் அதிகம் வருவது தோல் புற்றுநோயும் நிணநீர்ப் புற்றுநோயும். பெருங்குடல் அந்த வரிசையில் முன்னால் இல்லை. 2011ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 1,75,000க்கு மேற்பட்ட உறுப்பு மாற்றங்களை எடுத்துக்கொண்டு பார்த்தார்கள். சிறுநீரகம், கல்லீரல், இதயம் என்று எல்லாம் சேர்த்துத்தான். எல்லாப் புற்றுநோயையும் கூட்டினால் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு. பெருங்குடலையும் மலக்குடலையும் மட்டும் பிரித்தால் கூடுதல் ஏறக்குறைய கால் பங்குதான்.

கால் பங்குதானே என்று நானும் நினைத்திருப்பேன். ஆனால் வந்த பிறகு நடப்பது வேறு. மாற்று உறுப்பு வைத்தவர்களுக்கு இந்தப் புற்றுநோய் மற்றவர்களைவிட இளவயதில் தெரிவதும், வந்தால் பிழைத்திருக்கும் காலம் குறைவாக இருப்பதும் பல ஆஸ்பத்திரிகளின் கணக்கில் வந்திருக்கிறது. எதிர்ப்பு சக்தி குறைவு, கீமோவை முழு அளவில் கொடுக்கத் தயக்கம், ஏற்கெனவே களைத்த சிறுநீரகம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். அதனால் முற்றுவதற்கு முன்னால், முடிந்தால் வெறும் பாலிப்பாக இருக்கும்போதே பிடித்துவிட வேண்டும். பாலிப் என்றால் குடலின் உள்சுவரில் மரு மாதிரி வளர்வது. அதிலிருந்து புற்றுநோய் ஆகப் பொதுவாகப் பல வருடம் பிடிக்கும். ஆசனவாய் வழியாகக் கேமரா டியூப் விட்டுப் பார்க்கும்போதே கிள்ளி எடுத்துவிடலாம்.

இன்னொன்று, இதயம் மாற்றியவர்கள் இப்போது நீண்ட நாள் இருக்கிறார்கள். பாதிப் பேருக்கு மேல் 12 வருடத்தைத் தாண்டுகிறார்கள். முதல் வருடத்தில் பயம் கிருமியும் நிராகரிப்பும். ஐந்து வருடம் தாண்டினால் பயம் மாறுகிறது, இதயக் குழாய் அடைப்பும் புற்றுநோயும் முன்னால் வந்து நிற்கின்றன. நாங்கள் மட்டும் ஒன்பதாவது வருடத்திலும் முதல் வருடத்துப் பயத்தையே பயந்துகொண்டிருந்தோம். இதய ஸ்கேனான எக்கோ சரியா, இதயத் தசையைக் கிள்ளிப் பார்க்கும் பயாப்ஸி சரியா, ரத்தத்தில் மருந்து லெவல் சரியா என்று மார்பின் மேலேயே கண்.

தேதியை நீங்களே கேட்டு வாங்குங்கள்

இதயம் மாற்றியவர்களும் பொது ஜனங்களுக்குச் சொல்லப்பட்ட பெருங்குடல் பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்ள வேண்டும் என்பது சர்வதேச இதய, நுரையீரல் மாற்று சிகிச்சைச் சங்கத்தின் வழிகாட்டுதல். அமெரிக்காவில் அந்தப் பரிசோதனையைத் தொடங்கும் வயதை 2021ல் 50லிருந்து 45 ஆக்கினார்கள். நம் நாட்டில் அரசாங்கம் வீடு தேடி வந்து பார்ப்பது வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய். குடலுக்கு அப்படி யாரும் வரமாட்டார்கள். ஐம்பது தாண்டியவர்களுக்கு மாற்று சிகிச்சைப் பட்டியலில் சேர்க்கும் முன் பார்ப்பதுண்டு. இவருக்கு 48 என்பதால் அப்போது பார்க்கவில்லை, பிறகு ஐம்பது வந்ததை யாரும் கவனிக்கவில்லை. குற்றம் சொல்ல ஆள் தேடினால் முதலில் நான்தான் அகப்படுவேன்.

செக்கப்புக்குப் போகும்போது டாக்டர் எக்கோ ரிப்போர்ட்டைப் பார்க்கும் ஐந்து நிமிடத்தில் இதைக் கேட்டால் காற்றோடு போகும். முதலில் மாற்று சிகிச்சைக் குழுவின் கோஆர்டினேட்டரிடம் கேளுங்கள். "இவருக்கு பெருங்குடல் எப்போது பார்க்கணும்? டாக்டரிடம் கேட்டு தேதியை ஃபைலில் எழுதிக் கொடுங்க" என்று. எழுத வைப்பதுதான் முக்கியம். நான் ஃபைல் அட்டையின் உள்பக்கத்தில் வெள்ளைத் தாள் ஒட்டி, கடைசியாகக் குடல் பார்த்த தேதி, அடுத்த தேதி, ஹீமோகுளோபின், ஃபெரிடின் (உடம்பில் சேமித்த இரும்பின் அளவு) என்று நான்கு கட்டம் போட்டிருக்கிறேன். குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்திருந்தால் அதையும் அங்கேயே எழுதுங்கள், அவர்களுக்குத் தேதி முன்னதாகவே வரும்.

ஹீமோகுளோபினை வரிசையாக வைத்துப் பாருங்கள்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எங்களுக்குத் தப்பியது இங்கேதான்.

இவருடைய ரிப்போர்ட்டுகள்: 13.1. நான்கு மாதம் கழித்து 12.4. அப்புறம் 11.6. அதற்கப்புறம் 10.7. ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் தனியாக எடுத்தால் பதறுவதற்கு எதுவும் இல்லை. மைகோஃபினோலேட் சாப்பிடுகிறவருக்கு ரத்தம் கொஞ்சம் குறையும், சிறுநீரகக் களைப்பைக் காட்டும் கிரியாட்டினின் 1.6 இருப்பவருக்கும் குறையும். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். இடையில் ஒரு கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். எதனால் குறைகிறது என்ற கேள்வியே அங்கே எழவில்லை. மேல்தொட்டியில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால் மோட்டாரைப் போட்டுக்கொண்டே இருப்போமா, எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்போமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபைலைத் துடைத்து அடுக்கும்போது எல்லாச் சீட்டையும் தரையில் பரப்பினேன். அப்போதுதான் எம்.சி.வி. என்ற வரி கண்ணில் பட்டது. சிவப்பணுவின் அளவு அது, 80க்கு மேல் இருக்க வேண்டும். 88, 84, 79, 74 என்று படிக்கட்டு மாதிரி இறங்கியிருந்தது. சிறுநீரகத்தால் வரும் ரத்தசோகையில் பெரும்பாலும் அணு சிறுத்துப்போகாது. சிறுத்துக்கொண்டே போனால் இரும்பு எங்கேயோ வெளியேறுகிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். 31 வருடம் மற்றவர்களுக்கு இதை எழுதிக் கொடுத்தவள். ஃபெரிடின் பார்த்தோம், 9. ஐம்பது வயது தாண்டிய ஆணுக்கு இரும்புச்சத்து இப்படித் தரைதட்டினால் வயிற்றையும் குடலையும் பார்த்தே ஆக வேண்டும்.

வலது பக்கப் பெருங்குடலில் வருவது இப்படித்தான் சத்தமில்லாமல் இருக்கும். அங்கே மலம் இன்னும் தண்ணீராக இருப்பதால் அடைப்பு லேசில் வராது. ரத்தம் கலந்து கலந்து நிறமும் தெரியாது. இடது பக்கமும் மலக்குடலும் என்றால் சிவப்பாகத் தெரியும், மலம் மெலிந்து வரும், போய்விட்டு வந்தும் போகாத மாதிரியே இருக்கும். அதில் வேறொரு வம்பு. ஆம்பூர்க்காரர் ஒருவர், இவரைப் போலவே இதயம் மாற்றியவர், சிவப்பாகப் போனதும் பஸ் ஸ்டாண்டு சுவரில் 'மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல்' என்று ஒட்டியிருந்ததைப் பார்த்து லேகியம் வாங்கிச் சாப்பிட்டார். லேகியத்தில் என்ன இருந்ததோ, டாக்ரோலிமஸ் லெவல் தாறுமாறாகிவிட்டது. கடைசியில் டியூப் விட்டுப் பார்த்தால் மலக்குடலில் இரண்டு பாலிப். மூலமும் இருந்தது, அது வேறு விஷயம். மூலம் இருக்கிறது என்பதால் மற்றது இல்லை என்று ஆகிவிடாது.

வயிற்றுப்போக்கும் இதே கதைதான். மைகோஃபினோலேட் வயிற்றைக் கலக்கும், சி.எம்.வி. என்ற வைரஸ் குடலைப் புண்ணாக்கும். அதனால் எது வந்தாலும் மருந்தின் மேல் பழி போடத் தோன்றும். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் மலம் போகிற பழக்கம் மாறியிருந்தால், காரணம் தெரியாமல் எடை குறைந்தால், உங்கள் யூகத்தை விட்டுவிட்டுக் குழுவுக்குப் போன் போடுங்கள்.

வீட்டில் எடுக்கும் மலச் சோதனை

தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கு மட்டும்தான் இது. ரத்தம் தெரிகிறது, ஹீமோகுளோபின் இறங்குகிறது என்றால் இதில் நேரத்தை வீணாக்காமல் நேராக டியூப் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்குப் போக வேண்டும். தொந்தரவு இருக்கும்போது மலச் சோதனையில் 'இல்லை' என்று வந்து ஆறு மாதம் நிம்மதியாக இருந்துவிடுவதுதான் ஆபத்து.

நாங்கள் அந்தக் காலத்தில் பென்சிடின் போட்டுப் பார்ப்போம். நீலம் படர்ந்தால் ரத்தம். முந்தின நாள் ஆட்டுக்கறி தின்றிருந்தாலும் நீலம், முள்ளங்கி தின்றிருந்தாலும் நீலம். அதனால் மூன்று நாள் பத்தியம் சொல்லி அனுப்புவோம். அந்தப் பென்சிடினே புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனம் என்று பிறகு தெரிந்தது. இப்போது ஃபிட் என்று ஒரு சோதனை வந்திருக்கிறது. மனித ரத்தத்தை மட்டும்தான் கண்டுபிடிக்கும், பத்தியம் வேண்டாம். பரிசோதனையாக எடுப்பதென்றால் வருடம் ஒரு முறை எடுக்க வேண்டும், ஒரு தடவை எடுத்துவிட்டு மறப்பதற்கில்லை.

எடுக்கும் விதம்: மலம் தண்ணீரில் விழக்கூடாது. நம் வீட்டு இந்தியன் டாய்லெட்டில் பழைய செய்தித்தாளை நாலாக மடித்துப் போட்டு அதன் மேல் ஒரு பாலித்தீன் உறையை விரித்துவிடுங்கள். டப்பா மூடியோடு ஒரு குச்சி இருக்கும். அதை நாலைந்து இடத்தில் குத்தி எடுங்கள், ஒரே இடத்தில் தோண்ட வேண்டாம். குச்சி நுனியின் வரிப்பள்ளத்தில் ஒட்டிய அளவு போதும். நிறைய அள்ளி அடைத்தால் உள்ளே இருக்கும் திரவம் கெட்டிப்பட்டுக் கணக்கு தவறும். மூலத்தில் ரத்தம் வருகிற நாளில் எடுக்காதீர்கள்.

வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. வெயிலில் ஹீமோகுளோபின் சிதைந்துபோகும், ரத்தம் இருந்தும் இல்லை என்று வரும். கத்திரி வெயிலில் டப்பாவை ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு மார்க்கெட், பேங்க் என்று சுற்றிவிட்டு லேபுக்குப் போகாதீர்கள். எடுத்தவுடன் இரண்டு உறை போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், காலையில் முதல் வேலையாகக் கொடுங்கள். "மாவு வைக்கிற இடத்தில் இன்னாத்த வச்சிருக்கே" என்று என் மாமியார் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. அதற்கும் தயாராக இருங்கள்.

கொலோனோஸ்கோபி: வயிற்றைக் கழுவும் நாள்

டியூப் விடுவது அரை மணி நேர வேலை. மயக்கத்தில் எதுவும் தெரியாது. பாடு எல்லாம் முந்தின நாள்தான்.

முதல் வேலை, உங்கள் ஊர் தூரமாக இருந்தால் முந்தின நாள் மதியமே ஆஸ்பத்திரி இருக்கிற வேலூருக்குப் போய் அறை எடுத்துவிடுங்கள். பேதி மருந்தைக் குடித்துவிட்டுக் குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வர முடியாது. காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கம் லாட்ஜுக்குக் குறைவில்லை, வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிற நோயாளிகளுக்காகவே தெருத்தெருவாக இருக்கின்றன. அறையைப் பார்க்கும்போது கட்டிலைப் பார்க்காதீர்கள். உள்ளேயே வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா, ராத்திரி பூராவும் தண்ணீர் வருமா என்று பாருங்கள். ஃபிளஷை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

ஐந்தாறு நாள் முன்பே இரும்பு மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள், அது குடலில் கறுப்பாகப் படிந்து மறைக்கும். இரண்டு மூன்று நாள் முன்பிருந்து விதை, தோல், நார் எதுவும் வேண்டாம். தக்காளி, கொய்யா, கீரை, கேழ்வரகு கூடாது. கத்தரிக்காயும் கூடாது. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வந்திருந்த வாரம் அது. இவர் என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். அந்த விதை டியூப் நுனியில் ஒட்டிக்கொண்டால் பார்க்கிறவருக்குக் கண் மறைந்துவிடும். இட்லி, வெள்ளைச் சோறு, தயிர் போதும்.

முந்தின நாள் தெளிந்த நீராகாரம் மட்டும். வடிகட்டிய ரசம், பால் சேர்க்காத டீ, வடிகட்டிய ஆப்பிள் ஜூஸ். எல்லோரும் இளநீர் கொடுங்கள் என்பார்கள். மாற்று இதயக்காரருக்கு யோசித்துக் கொடுக்க வேண்டும். டாக்ரோலிமஸ் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும், இளநீரில் பொட்டாசியம் நிறைய. கிரியாட்டினின் கூடியிருப்பவருக்கு நாலைந்து இளநீர் உள்ளே போனால் விபரீதமாகலாம். பம்ப்ளிமாஸ் எப்போதுமே கூடாது, அது டாக்ரோலிமஸ் லெவலைத் தூக்கிவிடும். பிரட்னிசோலோனால் சர்க்கரை வந்தவர்கள் அன்றைக்கு இன்சுலின் எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். சாப்பாடு இல்லாமல் பழைய அளவையே போட்டால் சர்க்கரை இறங்கி ஆள் சாய்ந்துவிடுவார்.

பேதி மருந்து எது என்று கட்டாயம் கேளுங்கள். பெக்லெக் மாதிரி பி.ஈ.ஜி. பவுடர்தான் இவர்களுக்கு ஏற்றது. பாக்கெட்டை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். சின்ன பாட்டிலில் வரும் சோடியம் பாஸ்பேட் குடிக்க லேசு, ஆனால் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். சீட்டில் பாஸ்பேட் என்று இருந்தால் "இவருக்கு இதயம் மாற்றியிருக்கு, டாக்ரோலிமஸ் சாப்பிடறார்" என்று சொல்லி மாற்றித் தரச் சொல்லுங்கள். கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்துக் குளிரவைத்து, ஒரு மூடி எலுமிச்சம் பழம் வடிகட்டிப் பிழிந்து கொடுத்தேன். கால் மணிக்கு ஒரு டம்ளர். பாதியை மாலையிலும் பாதியை விடியற்காலையிலும் குடித்தால் குடல் நன்றாகச் சுத்தமாகும். கடைசியில் வருவது மஞ்சள் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்க வேண்டும். இவர் வெட்கப்பட்டார், நான் கதவைத் திறந்து போய்ப் பார்த்தேன். என் தொழிலே அதுதானே.

மாத்திரைதான் பெரிய விஷயம். இவருக்கு டாக்ரோலிமஸ் காலை 8, இரவு 8. பேதி மருந்து தொடங்குவதற்கு முன்னால் ஒரு மணி நேரத்துக்குள் போட்ட மாத்திரை அடித்துக்கொண்டு போய்விடலாம். அதனால் கோஆர்டினேட்டரிடம் முன்பே பேசி, எந்த நேரத்துக்கு மாத்திரை, எந்த நேரத்துக்குப் பவுடர் என்று எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டினேன். ஒரு வேளையைக்கூட விடக்கூடாது. பேதிக்குப் பிறகு லெவல் ஏறவும் செய்யலாம், அதனால் சில நாள் கழித்து ஒரு முறை லெவல் பார்க்கச் சொன்னார்கள். அந்த ரத்தத்தைக் காலை மாத்திரை போடுவதற்கு முன்பு கொடுக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுகிறவர்கள் நிறுத்தலாமா வேண்டாமா என்பதை இதய டாக்டர் சொல்லட்டும்.

மயக்க மருந்து டாக்டரிடம் சொல்ல வேண்டியது: மாற்று இதயத்துக்கு நரம்பு இணைப்பு இல்லை. சும்மா இருக்கும்போதே நாடி 90, 100 என்று ஓடும். உள்ளே வந்த நர்ஸ் 104 பார்த்துவிட்டு "பயப்படாதீங்க ஐயா, ரிலாக்ஸா இருங்க" என்று நாலு தடவை சொன்னது. அவர் பயப்படவே இல்லை, அவருடைய நாடியே அதுதான். இன்னும் முக்கியம், நாடி குறைந்தால் வழக்கமாகப் போடும் அட்ரோபின் ஊசி இந்த இதயத்தில் வேலை செய்யாது. அவர்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் அவசரத்தில் நினைவு வர வேண்டுமே. ஒரு தாளில் பெரிய எழுத்தில் 'இதய மாற்று, 2013, அட்ரோபின் பலிக்காது' என்று எழுதி ஃபைலின் மேலே குத்தி வைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு வயிற்று வலியை அலட்சியம் செய்யாதீர்கள். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்குக் குடலில் ஓட்டை விழுந்தாலும் வலியும் காய்ச்சலும் மட்டாகத்தான் தெரியும். பாலிப் எடுத்திருந்தால் இரண்டு வாரம் வரை ரத்தம் வர வாய்ப்புண்டு.

ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது

'நார்மல்' என்ற சொல்லோடு ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடாதீர்கள். டியூப் சீக்கம் வரை, அதாவது பெருங்குடல் தொடங்கும் இடம் வரை போனதா என்று எழுதியிருக்கும். போகவில்லை என்றால் வலது பக்கத்தைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்பதற்கு பாஸ்டன் மதிப்பெண் உண்டு, 9க்கு எத்தனை என்று போடுவார்கள். 6க்குக் கீழே என்றால் பார்த்தது போதாது, மறுபடி வரச் சொல்வார்கள். பாலிப் எத்தனை, எவ்வளவு பெரிது, பயாப்ஸியில் அடினோமா (புற்றுநோயாக மாறக்கூடிய வகை) என்று வந்ததா என்று கேளுங்கள், அதை வைத்துத்தான் அடுத்த தேதி. எதுவும் இல்லை, சுத்தமும் நன்றாக இருந்தது என்றால் பொது ஜனங்களுக்குப் பத்து வருடம். உங்களவருக்கு அதே பத்துதானா, முன்னாலேயே வரணுமா என்பதைக் குழுவிடம் கேட்டு ஃபைலில் எழுதுங்கள்.

புற்றுநோய் என்று வந்துவிட்டால்

அறுவை சிகிச்சை மற்றவர்களுக்குச் செய்வது மாதிரியேதான். இதயம் மாற்றியவர் என்பதற்காக முடியாது என்று சொல்லிவிட மாட்டார்கள். ஆனால் குடல் சர்ஜனும் சென்னை இதயக் குழுவும் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும். நடுவில் நாம் தபால்காரர் வேலை பார்த்தால் பாதிச் செய்தி விட்டுப்போகும். "நீங்களே அவங்ககிட்ட பேசிடுங்க சார்" என்று போன் நம்பரை நீட்டினேன், பேசினார்கள். எவரோலிமஸ், சிரோலிமஸ் என்ற எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளைச் சாப்பிடுகிறவருக்குக் காயம் ஆறத் தாமதமாகும், அதனால் அறுவைக்கு முன் வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்த முடியாது, அன்றைக்குக் கூடுதலாகத்தான் கொடுப்பார்கள்.

இவருக்கு வலது பக்கக் குடலை எடுத்தார்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டை வாங்கியதும் நான் முதலில் தேடியது நிணநீர்க் கணுக்களின் எண்ணிக்கையை. குறைந்தது 12 பார்த்திருக்க வேண்டும், அப்போதுதான் பரவவில்லை என்பதை நம்பலாம். 17 பார்த்திருந்தார்கள், ஒன்றிலும் இல்லை. இரண்டாம் நிலை. கீமோ வேண்டாம் என்று முடிவானது. மைகோஃபினோலேட் அளவைக் குறைத்தார்கள், காயம் முழுக்க ஆறிய பிறகு எவரோலிமஸ் சேர்த்தார்கள். குறைக்கும்போது இதயம் முரண்டு பிடிக்கிறதா என்று அடிக்கடி எக்கோவும் பயாப்ஸியும் எடுத்தார்கள். அந்த நான்கு மாதமும் எனக்குத் தூக்கமில்லை.

கீமோ தேவைப்படுகிறவர்கள் இரண்டு விஷயம் கேட்டு வையுங்கள். 5-எஃப்.யூ., கேபசிடாபின் இரண்டும் சிலருக்கு இதயக் குழாயைச் சுருக்கும். மாற்று இதயத்தில் நெஞ்சுவலி தெரியாமலே போகலாம், அதனால் மூச்சு வாங்குவது, வியர்ப்பது என்றாலும் சொல்லிவிட வேண்டும். அடுத்தது இம்யூனோதெரபி என்ற புது மருந்துகள். அவை தூங்குகிற காவல்காரனை உலுக்கி எழுப்புகிற மருந்துகள். எழுந்தவன் புற்றுநோயை மட்டுமல்ல, இதயத்தையும் தாக்கலாம். சிறுநீரகம் என்றால் டயாலிசிஸ் இருக்கிறது, இதயத்துக்கு அப்படி ஒன்று இல்லை. யாராவது அந்த மருந்தைப் பற்றிப் பேசினால் இதயக் குழுவைக் கூட வைத்துக்கொண்டு பேசுங்கள்.

அறுவைக்குப் பிறகு ஒரு வருடத்தில் மறுபடி கொலோனோஸ்கோபி. அது சுத்தமாக இருந்தால் மூன்று வருடம் கழித்து, அப்புறம் ஐந்து. நடுவில் சி.இ.ஏ. என்ற ரத்தச் சோதனை, ஸ்கேன்.

கடைசியாக, நோயாளியின் கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும். பெற்றோருக்கோ கூடப் பிறந்தவருக்கோ வந்திருந்தால், 40 வயதில், அல்லது அவருக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்னால், எது முதலில் வருகிறதோ அப்போது பார்க்க வேண்டும். என் கொழுந்தனாருக்கு 53 ஆகிறது. பெக்லெக் பாக்கெட் வாங்கி என் பீரோவில் வைத்திருக்கிறேன். போன வருடம் தீபாவளி முடியட்டும் என்றார், அப்புறம் பொங்கல். இப்போது, "அண்ணி, மாம்பழ சீசன் போயிடட்டும்" என்கிறார்.